எறும்புக்கு வைத்த தண்ணீர்

புதுச்சேரியில் என் மனைவியின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால் போதும், சாப்பிடுகிற கை இலையிலேயே நின்றுவிடும். என் மைத்துனனோ பத்து வருஷம் அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவன். இந்த இருவரையும் போன பொங்கலன்று ஒரே பந்தியில் உட்கார வைத்தது என் மனைவி செய்த பிழை.

"பெரியப்பா, பிரெஞ்சுக்காரன் பேசுவான், அமெரிக்காக்காரன் செய்வான். அவ்வளவுதான் விஷயம். பனாமாக் கால்வாயையே எடுத்துக்குங்களேன். இவன் ஆரம்பிச்சுப் பாதியிலே போட்டுட்டு ஓடினான். அவன் வந்தான், பத்து வருஷத்திலே முடிச்சான்" என்றான் மைத்துனன்.

"ஓடினானா? இருபதாயிரம் பேரைப் புதைச்சவனைப் பார்த்து ஓடினான்னா சொல்றே?" என்று பெரியவர் சீறினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, மாப்பிள்ளை. நாலு எழுத்து எழுதறவர்" என்றார்.

நாலு எழுத்து எழுதுகிறவனுக்குப் பனாமாவைப் பற்றி என்ன தெரியும்? பாயசத்தைப் பார்த்துக்கொண்டே மழுப்பிவிட்டேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிவு தெரிந்த கதையாக இருந்தாலும் முடிவை மறந்துவிட்டு நடுவிலே போய் நின்று பார்ப்பான். இரண்டு மாத காலம் கையில் அகப்பட்ட புத்தகங்களையெல்லாம் படித்தேன். வழக்கு உண்மையான வழக்குதான். சாட்சிகள்தாம் கட்சி மாறி நின்றுகொண்டிருந்தார்கள்.

பெர்டினாண்டு டி லெஸ்ஸெப்ஸ் என்ஜினீயர் அல்லர், ராஜதந்திரி. 1869-ல் சூயஸ் கால்வாயைத் திறந்துவைத்த பிறகு பிரான்ஸ் தேசம் அவரைத் தன் வீட்டுப் பெரியவராகவே கொண்டாடியது. சூயஸ் நூறு மைல் நீளம். ஆனால் தட்டையான மணல். பனாமா ஐம்பதே மைல். ஆனால் நடுவே மலை, மேலே ஓயாத மழை, குறுக்கே சாக்ரெஸ் என்ற ஆறு. ஒரு நாள் ராத்திரி மழைக்கு அந்த ஆறு மரங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். இந்த வித்தியாசத்தை லெஸ்ஸெப்ஸ் பெரிதாக நினைக்கவில்லை. சூயஸில் எப்படியோ அப்படியே பனாமாவிலும் கடல் மட்டத்துக்கே வெட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

1879-ம் வருஷம் மே மாதத்தில் பாரிஸில் ஒரு மகாநாடு கூடிற்று. பல தேசங்களிலிருந்து 136 பிரதிநிதிகள். பிரமாதமான பிரசங்கங்கள். கடைசியில் ஓட்டெடுத்தபோது கடல் மட்டக் கால்வாய்க்கு ஆதரவாக 74 பேர், எதிராக 8 பேர். மற்றவர்கள் வரவில்லை, அல்லது வாய் திறக்கவில்லை. அந்த எட்டுப் பேரில் கோதான் டி லெபினே என்ற பிரெஞ்சு என்ஜினீயர் ஒருவர். ஆற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள் என்றார் அவர். ஆற்றுக்கு அணை கட்டி மலைக்கு நடுவே ஏரியாக்கிவிட வேண்டும். கப்பலை மதகு அறைகளில் ஏற்றி, அறைக்குள் தண்ணீரை விட்டுப் படிப்படியாக உயர்த்தி, ஏரியின் மேல் செலுத்தி, மறுபக்கம் அதே மாதிரி இறக்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசகர்கள் இந்த மனிதரைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படுவார்.

1880 ஜனவரி முதல் தேதி, எழுபத்து நாலு வயது லெஸ்ஸெப்ஸ் பனாமாவில் பூமி பூஜை போட்டார். அதாவது, போடப் போனார். விருந்தாளிகளை ஏற்றிய படகு கால்வாயின் முகத்துவாரம் வரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை, அலை வற்றிவிட்டது. பெரியவர் கலங்கவில்லை. ஷாம்பேன் வந்த காலிப் பெட்டி ஒன்றில் மண்ணை நிரப்பச் சொன்னார். படகின் மேல்தளத்தில் அவருடைய ஏழு வயது மகள் அந்தப் பெட்டியில் சிறு கடப்பாறையால் முதல் கொத்துக் கொத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். மைத்துனன் இதைத்தான் "பேசுவான்" என்று சொல்கிறான். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் பிரான்ஸின் சமையற்காரிகளும் குடியானவர்களும் சிறு கடைக்காரர்களும் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிக் கணக்கில் பணம் போட்டவர்கள் எட்டு லட்சம் பேர். சர்க்கார் காசு ஒரு சல்லி இல்லை. நம்பிக்கை ஒன்றே மூலதனமாக இருந்தபோது சடங்கில்லாமல் எப்படி முடியும்?

இனி நான் சொல்லப்போகிறவர் பெயர் ஜூல் டிங்லெர். 1883-ல் தலைமை டைரக்டராக வந்தவர். பாரிஸில் அப்போது பாலிடெக்னிக் என்று ஒரு கல்லூரி இருந்தது. அதில் தேறி, பிறகு சாலை, பாலம் கட்டும் அரசாங்க உத்தியோகத்தில் சேருவது என்பது அந்த நாட்டில் ஓர் உயர்ந்த குலத்தில் பிறந்ததற்குச் சமம். டிங்லெர் அந்தக் குலம். ஒழுங்காக வாழ்கிறவனை மஞ்சள் காய்ச்சல் அண்டாது, குடிகாரனையும் சூதாடியையும்தான் பிடிக்கும் என்பது அப்போது பலருடைய நம்பிக்கை. டிங்லெருக்கும் அதுதான். ஆகவே மனைவி, மகன், மகள், மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை எல்லோரையும் அழைத்து வந்தார்.

1884 ஜனவரியில் மகள் போனாள். ஒரு மாதம் கழித்து மகன். பிறகு அந்த மாப்பிள்ளைப் பையன். அந்த வருஷம் முடிகிற தறுவாயில் மனைவியும் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை டிங்லெர் வழக்கமான நேரத்துக்கு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார் என்று சொல்கிறார்கள். குடும்பத்தார் சவாரி செய்த குதிரைகளை ஒரு பள்ளத்துக்கு ஓட்டிப்போய்ச் சுட்டுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டும் ஒரே மனிதனின் இரண்டு கைகள் போல எனக்குத் தோன்றுகின்றன. 1885-ல் உடல் தளர்ந்து ஊருக்குத் திரும்பினார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பாரிஸிலிருந்து இளம் என்ஜினீயர்கள் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். யுத்தத்துக்குப் போவதுபோலப் போனார்கள். போகாதிருப்பது கௌரவக் குறைவு.

பிரெஞ்சுக் கம்பெனி மனிதர்களைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்கோன் மலைச்சரிவில் அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரி அந்தப் பிராந்தியத்திலேயே சிறந்தது. கன்னிகாஸ்திரீகள் வந்து நோயாளிகளைக் கவனித்தார்கள். சுற்றிலும் பூந்தோட்டம். அந்த ஊரில் இலைவெட்டி எறும்புகள் அதிகம். ஒரே ராத்திரியில் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். அதற்காக ஒவ்வொரு செடியைச் சுற்றியும் மண்வளையம் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நோயாளிகளின் மேல் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். நம் வீட்டில் அலமாரிக்காலுக்கு வைப்பதில்லையா, அதே மாதிரி.

மஞ்சள் காய்ச்சல் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். சின்னப் பாத்திரமாக, நிழலாக, மனிதன் பக்கத்தில் இருந்தால் அதற்கு இன்னும் விசேஷம். ஜன்னல்களுக்குக் கம்பிவலை கிடையாது. வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவன் ராத்திரியில் தன் கட்டிலுக்கடியில் பிறந்த கொசு கடித்து, மஞ்சள் காய்ச்சலில் செத்தான். கருணையும் சுத்தமும் சேர்ந்து செய்த கொலை அது. இந்தக் கிண்ணத்தைத் தாண்டி என் மனம் வெகு நாள் நகரவில்லை.

தெரிந்தா செய்தார்கள்? கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று கியூபாவில் கார்லோஸ் பின்லே என்ற டாக்டர் 1881-லேயே சொன்னார். சிரித்தார்கள். மலேரியாக் கிருமியை 1880-ல் கண்டுபிடித்த லாவெரான் ஒரு பிரெஞ்சு ராணுவ டாக்டர். ஆனால் அது உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பது அவருக்கும் தெரியாது. அதை நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் பார்த்தது 1897 ஆகஸ்டு 20-ம் தேதி. பின்லே சொன்னது மெய் என்று வால்டர் ரீடும் அவருடைய சகாக்களும் ஹவானாவில் நிரூபித்தது 1900-ல். பிரெஞ்சுக் கம்பெனி அதற்குப் பத்து வருஷத்துக்கு மேலாகவே மண்ணோடு மண்ணாகிவிட்டது.

ஆம், 1888 டிசம்பரில் கம்பெனி கையை விரித்தது. அதற்கு முந்தின வருஷம்தான் பால் கோகாங் என்ற ஓவியர் கையில் காசில்லாமல் பனாமாவுக்கு வந்து, சில நாள் மண் வெட்டும் கூலியாக உழைத்து, ஆட்குறைப்பில் வேலை போய், மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலேறினார். கால்வாய்க்கு நஷ்டமில்லை, ஓவியத்துக்கு லாபம். பாரிஸில் வழக்கு நடந்தது. பத்திரிகைகளுக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் லஞ்சம் போன கதை வெளிவந்தது. அதைத் தனியாக ஒரு நாவலாகத்தான் எழுத வேண்டும். 1893-ல் லெஸ்ஸெப்ஸுக்கு ஐந்து வருஷச் சிறை என்று தீர்ப்பாயிற்று. படுக்கையில் கிடந்த கிழவரை யாரும் இழுத்துப் போகவில்லை. மறு வருஷம் இறந்தார்.

செத்தவர்கள் சுமார் இருபதாயிரம் என்று கணக்கிடுகிறார்கள். சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாததற்குக் காரணம் உண்டு. கூலியாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் தினத்துக்கு ஒரு டாலர் வீதம் காண்டிராக்டர் கட்ட வேண்டும். காய்ச்சல் கண்டதும் ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டால் செலவில்லை. அப்படிப் போனவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று யார் எழுதி வைப்பார்கள்? பெரும்பாலோர் ஜமெய்க்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்கள். புதுச்சேரிப் பெரியவரின் கௌரவக் கணக்கில் இவர்கள் வருவதில்லை.

சரி, அமெரிக்கர் பக்கம் வருவோம். 1903 நவம்பரில் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. பக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் நின்றது. 1904 மே மாதம் நாலாந் தேதி பழைய பிரெஞ்சு ஆபீஸின் சாவிகள் ஓர் அமெரிக்க லெப்டினென்டின் கைக்கு வந்தன. சொத்துக்கு விலை நாலு கோடி டாலர்.

"செய்கிறவன்" என்ன செய்தான்? முதல் வருஷம் அவன் செய்ததைப் படித்தபோது நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. ஏழு பேர் கொண்ட கமிஷன் வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வண்டியை வாடகைக்குப் பிடிக்கவும் கடிதப் போக்குவரத்து. பத்தடிக்கு மேல் நீளமுள்ள பலகையைத் தச்சன் அறுக்க வேண்டுமானால் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். ஹவானாவில் கொசுவை ஒழித்த டாக்டர் கோர்கஸ் கூடவே வந்திருந்தார். ஜன்னலுக்கு வலை கேட்டார், கந்தகம் கேட்டார், ஆள் கேட்டார். கொசுக் கதையையெல்லாம் மேலதிகாரிகள் நம்பத் தயாராக இல்லை. 1897-ம் 1900-ம் கடந்துபோன பிறகும்! பிரெஞ்சுக்காரனாவது தெரியாமல் கிண்ணம் வைத்தான்.

1905-ல் காய்ச்சல் கிளம்பியது. வந்த கப்பலிலேயே ஊருக்குத் திரும்பினவர்கள் பலர். தலைமை என்ஜினீயர் வாலஸ் பனாமாவுக்கு வந்தபோது தமக்கும் தம் மனைவிக்குமாக இரண்டு உலோகச் சவப்பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார் என்று பேச்சு. அவருக்கு அந்தப் பெட்டி தேவைப்படவில்லை. அதிகச் சம்பளத்தில் வேறு இடம் கிடைத்ததும் ஜூன் மாதத்தில் ராஜினாமாச் செய்துவிட்டார். யுத்த மந்திரி டாப்ட் அவரை நேரில் வைத்துக்கொண்டே நன்றாக வாங்கிவிட்டார்.

எனக்கு டிங்லெரும் வாலஸும் மாறி மாறிக் கண்ணில் படுகிறார்கள். ஒருவர் வீட்டிலுள்ள அனைவரையும் புதைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். மற்றவர் நல்ல சம்பளம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். முதல்வருக்கு உத்தியோகம் என்பது பெயர். இரண்டாமவருக்கு உத்தியோகம் என்பது உத்தியோகம். எது உயர்ந்தது? முதலில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பிறகு யோசித்தேன். தன் பெயரைக் காரியத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டவனால், போகிற வழி தப்பு என்று தெரிந்தாலும் திரும்ப முடிவதில்லை. மதகு வைத்துக் கட்டலாம் என்று லெஸ்ஸெப்ஸ் சம்மதித்தது 1887-ல். பணமும் ஆளும் தீர்ந்த பிறகு. வாலஸுக்குப் பிறகு வந்தவரோ முந்தினவரின் பிழைகளைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

வந்தவர் ஜான் ஸ்டீவன்ஸ். கல்லூரிப் பட்டம் வாங்கின என்ஜினீயர் அல்லர். ரயில் பாதை போடுகிற இடத்தில் நின்றே தொழில் கற்றவர். 1905 ஜூலையில் வந்து, மழையில் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெட்டிய இடமெல்லாம் நடந்து பார்த்தார். ஆகஸ்டு முதல் தேதி ஓர் உத்தரவு போட்டார்: மண் வெட்டுவதை நிறுத்துங்கள்!

பூமி பூஜைக்குப் பெட்டி தேடிய கிழவரையும், வெட்டு வேலையை நிறுத்திய இந்த மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரிகிறது. கோர்கஸ் கேட்டதையெல்லாம் ஸ்டீவன்ஸ் கொடுத்தார். நாலாயிரம் ஆள் கொடுத்தார். வீடு வீடாகப் புகை போட்டார்கள். பனாமா நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. வீட்டு வாசலில் மழைநீர்ப் பீப்பாய் வைக்க வேண்டிய அவசியம் போயிற்று. பூட்டிக்கிடந்த பிரெஞ்சுக் கட்டிடங்களைப் பழுது பார்த்தார்கள். 1905 முடிவதற்குள் அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் நின்றுவிட்டது.

பிறகு ஊர் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரனுக்குச் சாப்பாடு அவனவன் சொந்த விஷயம். கம்பெனி அதில் தலையிடுவது மரியாதையல்ல. பொழுது சாய்ந்தால் அவனுக்குக் காபிக்கடையும் திராட்சை மதுவும் நண்பர்களும் உண்டு. அமெரிக்கனோ மனிதனுடைய சாயங்காலத்தையும் கால்வாயின் கணக்கிலேயே சேர்த்தான். ரொட்டிச்சாலை, ஐஸ் தொழிற்சாலை, சலவைச்சாலை, பந்து விளையாட்டு, வாசகசாலை எல்லாம் சர்க்கார் செலவு. வீட்டின் அளவுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தான்: மாதச் சம்பளத்தில் டாலர் ஒன்றுக்குச் சதுர அடி ஒன்று, கல்யாணமானவனுக்கு மனைவியின் பங்காக இன்னொரு மடங்கு. சம்பள உயர்வு கிடைத்தவன் மனைவி அளவுக் கோலை எடுத்துக்கொண்டு புறப்படுவாளோ என்னவோ! எனக்கு அப்படி ஓர் ஊரில் இருக்கப் பிடிக்காது. ஆனால் என் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அங்கேதான் இருக்க விரும்புவேன்.

ஒரு விஷயத்தை மைத்துனன் சொல்லவில்லை. சம்பளத்தில் தங்கம், வெள்ளி என்று இரண்டு ஜாபிதா இருந்தது. வெள்ளை அமெரிக்கனுக்குத் தங்க நாணயம். பார்படாஸ் தீவிலிருந்து வந்த கறுப்பனுக்கு வெள்ளி. தபாலாபீஸிலும் கடையிலும் ஜன்னல்கூட வேறு வேறு. மேலே சொன்ன வீடும் ஐஸும் வாசகசாலையும் தங்கக்காரனுக்கு. வெள்ளிக்காரன் கொட்டகையில், ஈரத் துணியோடு படுத்து, நிமோனியாவில் செத்தான். அமெரிக்கர் காலத்தில் 1914 வரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி இறந்தவர்கள் 5,609 பேர். அதில் வெள்ளை அமெரிக்கர் சுமார் 350.

கால்வாயின் வடிவத்திலும் அமெரிக்கர் அதே பள்ளத்தில் விழத்தான் இருந்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நியமித்த நிபுணர் குழுவில் கடல் மட்டத்துக்கு எட்டுப் பேர், மதகுக்கு ஐந்து பேர்; எட்டில் மூவர் அமெரிக்கர். சாக்ரெஸ் ஆற்று வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த ஸ்டீவன்ஸ் வாஷிங்டன் போய் மன்றாடினார். 1906 ஜூனில் செனட் சபை 36-க்கு 31 என்ற கணக்கில் மதகுக் கால்வாயை ஏற்றுக்கொண்டது. ஆற்றுக்கு அணை, மலைக்கு நடுவே கடலுக்கு 85 அடி மேலே ஏரி, ஏறவும் இறங்கவும் மதகுகள். கோதான் டி லெபினே 1879-ல் சொன்ன திட்டம்தான், ஏறக்குறைய அப்படியே.

இந்த ஸ்டீவன்ஸும் 1907-ல் ராஜினாமாச் செய்துவிட்டார். ரூஸ்வெல்ட்டுக்கு அலுத்துவிட்டது. நினைத்தபோது போகமுடியாத ஆள் வேண்டுமென்று ராணுவத்திலிருந்து கோதல்ஸ் என்பவரைப் பிடித்துப் போட்டார். அமெரிக்கனுடைய சுதந்திரத்துக்கு அமெரிக்கனே கண்டுபிடித்த மருந்து! கோதல்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆபீஸில் உட்கார்ந்து, தங்கமானாலும் வெள்ளியானாலும் வந்தவன் குறையைக் கேட்பார். நம் மனுநீதிச் சோழன் மணி கட்டினதுபோல. அவர் படித்தது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. அந்தக் கல்லூரியை 1817 முதல் சீர்திருத்தியவர் தேயர் என்பவர். பிரான்சுக்குப் போய் டிங்லெரின் பாலிடெக்னிக்கைப் பார்த்துவிட்டு வந்து, அந்த மாதிரியிலேயே செய்தார். இதைப் படித்த அன்று பெரியவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மைத்துனனுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

1914 ஆகஸ்டு 15-ம் தேதி அன்கோன் என்ற கப்பல் கால்வாயை முறைப்படி திறந்துகொண்டு போயிற்று. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. கோதல்ஸ் கப்பலில் ஏறவில்லை. கரையோர ரயிலில் இடத்துக்கு இடம் போய், மதகுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முதன்முதல் போய்ச் சேர்ந்தது அன்கோன் அல்ல. அதற்கு ஏழு மாதம் முன்னால், ஜனவரி 7-ம் தேதி, வேலை நிமித்தமாக அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பாரந்தூக்கிப் படகு கடைசி மதகையும் தாண்டிப் பசிபிக் பக்கம் இறங்கியது. கொடி இல்லை, வாத்தியம் இல்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதைப் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் அலெக்ஸாந்த்ர் லா வலே.